செயலியா, கேமராவா, இராநடையா? ஊரைச் சுற்றியுள்ள காட்டுயிர்களைப் பதிவு செய்ய எந்த வழி?

2015-லிருந்து ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியிலோ கண்மாய்க் கரையிலோ பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் எழுதி, ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். இதில் கலந்துகொண்டு பழகியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: நரி, கீரி, மரநாய், தேவாங்கு, முள்ளம்பன்றி இவற்றையும் இப்படியே ஊர்கூடிப் பதிவு செய்தால் என்ன?

செய்யலாம். ஆனால் "இப்படியே" செய்ய முடியாது. பறவை பகலில் பறக்கும், கூவித் தன் இருப்பைக் காட்டும். நம் ஊர்ப்பக்கத்துப் பாலூட்டிகளில் பெரும்பாலானவை இருட்டியபின் வெளியே வருபவை, சத்தம் போடாதவை, மனித வாடை பட்டால் ஒதுங்குபவை. கண்மாய்க் கரையில் பதினைந்து நிமிடம் நின்றால் அணிலும் தெருநாயும்தான் கணக்கில் வரும். அதனால் வழியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. செயலியில் படம் ஏற்றுவது, தானாகப் படம் எடுக்கும் கேமராவை மரத்தில் கட்டுவது, இரவில் நடப்பது, தடயம் பொறுக்குவது, பெரியவர்களிடம் கேட்டு எழுதுவது என்று ஐந்து வழிகள் நம் கைக்கு எட்டும். ஐந்தும் ஒன்றுக்கொன்று ஈடு அல்ல.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரு நிலப்பரப்பை மனத்தில் வைத்துக்கொள்கிறேன். கடவூர், அய்யலூர், வடமதுரை, வேடசந்தூர் சுற்றியுள்ள வறண்ட பூமி. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. எல்லைக்கல்லுக்கு உள்ளே வனத்துறை பார்த்துக்கொள்ளும். எல்லைக்கு வெளியே பட்டா நிலத்துக் கிளுவை வேலியிலும் உடைமரத்திலும் சாலையோரப் புளியமரத்திலும் இருக்கும் தேவாங்கை யார் எண்ணுவது? 2018-ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து மூன்றரைக் கோடிப் படங்கள் எடுத்தார்கள். கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. அவ்வளவு பெரிய வலையிலும் ஒரு மானாவாரிக் காட்டின் வரப்பு விழாது. ஊர்க்குழு இறங்க வேண்டிய இடம் அந்த வரப்புதான்.

முதலில் குழு உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். நமக்கு வேண்டியது என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலா, இல்லை, கூடுகிறதா குறைகிறதா என்ற கணக்கா? பட்டியல் மட்டும் போதுமென்றால் எந்த வழியும் சரிதான். ஆறு மாதத்தில் ஒரு நல்ல பட்டியல் கிடைத்துவிடும். கணக்கு வேண்டுமென்றால் பார்த்ததை எழுதினால் போதாது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் தேடினோம் என்பதையும், தேடியும் ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதியாக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் முதலில் உரசிப் பார்ப்பது இந்தக் கல்லில்தான்.

செயலியில் ஏற்றுவது

மிக எளிய தொடக்கம். ஐநேச்சுரலிஸ்ட் செயலியைப் போனில் இறக்கிக்கொண்டு படம் எடுத்து ஏற்றினால், தேதியும் இடமும் தானாக ஒட்டிக்கொள்ளும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்கோ இருக்கும் ஒருவர் பார்த்துச் சொல்வார். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது ஆய்வுத்தரப் பதிவாகி, உரிமம் அனுமதித்தால் உலகளாவிய பல்லுயிர்த் தரவுத்தளத்துக்கும் போகும். இந்தியாவுக்குள்ளேயே இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இருக்கிறது. பாலூட்டிகளுக்கென்றே பெங்களூர் என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) நிறுவனத்தார் 2018-ல் தொடங்கிய மாமல்ஸ் ஆஃப் இந்தியா தளம் இருக்கிறது. செலவு கிடையாது. பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம்.

குறை என்னவென்றால், கையில் போன் இருக்கும்போது, வெளிச்சம் இருக்கும்போது, படம் எடுக்கும் அளவுக்கு நின்று கொடுத்த விலங்குதான் இதில் சேரும். ஆகவே ஒரு வருட முடிவில் குரங்கும் அணிலும் கீரியும் குவிந்து கிடக்கும், மரநாய் இரண்டு, புனுகுப்பூனை சுழி. புனுகுப்பூனை இல்லாததாலா, இருட்டில் யாரும் தேடாததாலா? பதிவிலிருந்து சொல்ல முடியாது. அடுத்த வருடம் கீரி இரண்டு மடங்கானால் கீரி பெருகிற்றா, செயலி வைத்திருப்பவர்கள் பெருகினார்களா? அதையும் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடைமுறையில் எல்லாக் குழுவும் அதில்தான் தொடங்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் நேரமும் இடமும் உரிந்துபோகும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே இருக்கும். இந்த ஒரு பழக்கத்தை முதல் நாளே சொல்லிக் கொடுக்காவிட்டால், ஒரு வருடம் கழித்து "இது எந்த ஊர், எந்த மாசம்?" என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கேமரா கட்டுவது

இளைஞர்களிடம் கேட்டால் முதலில் வரும் பதில் இது. ஆசைப்படுவதிலும் நியாயம் உண்டு. தூங்காமல் விழித்திருக்கும், ஆள் வாடை இல்லை, படம் சான்றாக நிற்கும். நான்கு கேமரா முப்பது இரவு ஓடினால் 120 கேமரா இரவுகள் என்று முயற்சியும் தானாகக் கணக்காகிறது. விலங்கு வராத இரவும் அதில் அடக்கம். நான் மேலே சொன்ன சோதனையில் கேமரா நன்றாகவே தேறுகிறது.

ஆனால் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்து வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் உணரிக்கு உருவம் தெரியாது. பின்னணியிலிருந்து மாறுபட்ட சூடு அசைவதைத்தான் அது உணர்கிறது. சித்திரை வெயிலில் பாறையும் மண்ணும் விலங்கின் உடம்பளவுக்குச் சுடும்போது குறுக்கே ஓடும் கீரி அதற்குத் தட்டுப்படாமலே போகலாம். மாறாக, வெயிலேறிய புல் காற்றில் ஆடினால் நூற்றுக்கணக்கில் வெற்றுப் படங்கள் விழும். மேய்ச்சல் நிலத்தில் வைத்தால் ஆடு, ஆடு, மறுபடியும் ஆடு. வைல்ட்லைஃப் இன்சைட்ஸ் போன்ற தளத்தில் ஏற்றினால் வெற்றுப் படங்களைக் கணினியே ஓரளவு கழித்துத் தரும். மீதியைப் பார்க்க வல்லுநர் தேவையில்லை. தான்சானியாவின் செரெங்கெட்டியில் 225 கேமராக்கள் எடுத்த படங்களை உலகெங்கும் உள்ள சாதாரண மக்கள்தான் இணையத்தில் பார்த்து அடையாளம் சொன்னார்கள். பலர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தபோது வல்லுநர் முடிவோடு சுமார் 97 சதவீதம் ஒத்துப்போயிற்று. எனவே படம் பார்க்க ஆள் கிடைப்பது பெரிய தடையல்ல.

தடை வேறு இடத்தில். முழங்கால் உயரத்தில், வெயில் நேராக லென்ஸில் விழாதபடி வடக்கு அல்லது தெற்கு பார்த்துக் கட்டும் கேமராவில் முயல், மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை, நரி, முள்ளம்பன்றி, அதிர்ஷ்டம் இருந்தால் அழுங்கும் (எறும்புத்தின்னி) விழும். மரம்விட்டு மரம் தாவாமல் கொம்பு பிடித்து மெல்ல நகரும் தேவாங்கு விழாது. வௌவால் விழாது. வயல் எலிகளில் எது எது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குப் படம் வராது. தேவாங்குச் சீமையில் தேவாங்கைப் பிடிக்காத கருவியை முதல் கருவியாக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விலையும் உண்டு. ஓரளவு நம்பத்தக்க கேமரா ஒன்று பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் ரூபாய் வரை. அதற்கு மேல் மெமரி கார்டு, பேட்டரி, மரத்தோடு பிணைக்கும் இரும்புக் கயிறு, பூட்டு. பூட்டு திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

இதைவிட முக்கியமாக, பலர் யோசிக்காத ஒன்று: கிராமத்தில் விடியற்காலையில் பெண்கள் ஒதுங்கும் பாதைகள் உண்டு. அந்தப் பக்கம் ஒரு கேமரா இருந்தது என்று தெரிந்தால் திட்டம் அன்றோடு முடிந்தது. முடிய வேண்டியதும் நியாயம். கேமரா வைக்கும் இடத்தை ஊர்ப் பெண்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மனிதர் விழுந்த படத்தைப் பார்த்தவுடன் அழிப்பது என்ற விதியை எழுதி, ஊராட்சி மன்றத்தில் ஒட்ட வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கேமராவும் கட்டக் கூடாது. பட்டா நிலமென்றால் நிலக்காரர் சம்மதம். புறம்போக்கு என்றால் ஊராட்சிக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல்.

இராநடை

குறிப்பிட்ட பாதை, குறிப்பிட்ட தூரம், குறிப்பிட்ட நேரம். இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை ஒன்றை எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை, இருட்டி ஒரு மணி நேரத்தில் தொடங்கி, மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மிகாமல் நடப்பது. நெற்றி விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டால் விலங்குக்கு உறுத்தாது. தேவாங்கின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதால், வெளிச்சம் பட்டதும் இரண்டு செம்மஞ்சள் கங்குகள் மாதிரி தூரத்திலிருந்தே தெரியும். மெல்லத் திரும்பும், மறையும், மறுபடி தெரியும். தேவாங்கை ஆய்வு செய்பவர்களும் அடிப்படையில் இப்படித்தான் நடந்து, கிலோமீட்டருக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள்.

கண்ணொளி எல்லாம் தேவாங்கு அல்ல. தரையில் தனியாகச் சிவந்து தெரிந்து சட்டென்று எழும்பிப் பறந்தால் அது பக்கிக் குருவி. புல்லில் ஊசிமுனையாகப் பச்சை மின்னினால் சிலந்தி. மரக்கிளையில் வேகமாக ஓடினால் மரநாயாக இருக்கலாம். இரண்டு மூன்று நடைக்குள் இது பழகிவிடும். பழகாதவர் கண்ணொளியை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லக் கூடாது, "கண்ணொளி, இனம் தெரியவில்லை" என்று எழுதட்டும். அதுவும் பதிவுதான்.

புனுகுப்பூனையையும் மரநாயையும் குழப்புவது அடிக்கடி நடக்கும். முன்னதற்கு உடம்பில் வரிசையாகப் புள்ளி, வாலில் வளையம். பின்னதற்கு வால் முழுக்கக் கறுப்பு, முகத்தில் மூடி போட்டது போல் கருமை. பகலில் கீரியைப் பார்க்கும்போது வால்நுனியைக் கவனிக்க வேண்டும். கறுத்த நுனியை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு போனால் செங்கீரி, இல்லையென்றால் நாம் தினமும் பார்க்கும் சாம்பல் கீரி.

இந்த வழியின் பலம், வெறுங்கையோடு திரும்பிய இரவும் வீணாகாதது. மூன்று பாதை, மாதம் ஒரு நடை, ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 72 கிலோமீட்டர். அதில் ஒன்பது தேவாங்கு கண்டால் எட்டு கிலோமீட்டருக்கு ஒன்று. அடுத்த வருடமும் அதே 72 கிலோமீட்டர் நடந்து நான்கு கண்டால் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. (எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை.) ஒரே பாதையில் ஒரு பருவத்துக்குள் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பப் போனால் இன்னொரு லாபமும் உண்டு. நான்கு முறையில் ஒருமுறைதான் புனுகுப்பூனை தட்டுப்பட்டது என்றால், அது அங்கே இருந்தும் ஒரே நடையில் கண்ணுக்குத் தப்புவது எவ்வளவு எளிது என்று தெரிகிறது. ஒருமுறை மட்டும் போய் "இல்லை" என்று எழுதிய இடங்களை எவ்வளவு நம்பலாம் என்பதை இதிலிருந்து புள்ளியியல் அறிந்தவர்கள் கணித்துத் தருவார்கள். நிலாவையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அமாவாசையிலும் மறுமாதம் பௌர்ணமியிலும் நடந்தால் இரண்டையும் ஒப்பிடுவது கடினம்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஐந்து வழிகளில் உயிராபத்து அதிகம் உள்ளது இதில்தான். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கும் பூமி. கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ இல்லாதவர் வரக் கூடாது. விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, அந்த நேரத்தில் வண்டி யாரிடம் இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்து வைக்க வேண்டும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் ஒரு பக்கம். பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பிகள் இன்னொரு பக்கம். ஆகவே வண்டிப்பாதையை விட்டு ஓரடிகூட இறங்குவதில்லை என்பதை விதியாகவே வையுங்கள். விலங்கு எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் சரி. இரவில் விளக்கோடு திரிபவர்களை ஊர் திருடன் என்று நினைக்கும், வனத்துறை வேட்டைக்காரன் என்று நினைக்கும். காவல் நிலையத்துக்கும் வனச்சரகருக்கும் தேதியும் பெயர்களும் எழுதிக் கொடுத்துவிட்டே போக வேண்டும். உண்மையான முயல் வேட்டைக்காரர்கள் எதிரே வந்தால் வாய் கொடுக்காமல் திரும்பிவிடுவது நல்லது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை இராநடைக்கு அழைத்துப் போக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் வேலை வேறு இருக்கிறது.

எச்சமும் எலும்பும்

அந்த வேலை இதுதான். அதிகம் பேசப்படாத இந்த வழி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு என்பதை ஒளிக்கவில்லை.

இந்தியாவில் நானூறுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் உள்ளன. அவற்றில் எலி, மூஞ்சூறு, வௌவால் இவைதான் பெரும்பங்கு. ஊர்ப் பட்டியல்களில் இவை மூன்றும் ஒரு வரியில் முடிந்துவிடும், "எலி, வௌவால்" என்று. எலிகளைப் பிரித்தறியப் பொறி வைத்துப் பிடிப்பதுதான் ஆய்வாளர் வழக்கம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொறிவைத்தலும் பிடித்தலும்கூட வேட்டை என்பதற்குள் வரும். எது சட்டம் பாதுகாக்கும் பட்டியலில் உள்ள விலங்கு, எது இல்லை என்று பொறிக்குத் தெரியாது என்பதால், அனுமதி இல்லாத ஊர்க்குழு அதில் கைவைக்க வேண்டாம். நமக்காக அந்த வேலையைக் கூகை என்னும் ஆந்தை செய்து வைத்திருக்கிறது. கோயில் கோபுரத்திலும் பழைய கிட்டங்கியிலும் அடையும் கூகை, விழுங்கிய எலியின் மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பாறைக்குன்று உள்ள இடங்களில் கொம்பன் ஆந்தையும் இதையே செய்கிறது. அடியில் விழுந்து காய்ந்த உருண்டைகளைக் கையுறை போட்டு எடுத்து, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் முழு மண்டை ஓடுகள் கிடைக்கும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் எலி, இடைவெளியே இல்லாமல் கூர்கூராகப் பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. எட்டாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்தில் பிரித்துவிடும். பெருச்சாளியா, வெள்ளெலியா, புல்லெலியா, வயல் சுண்டெலியா என்று மேலும் பிரிக்கக் கல்லூரி விலங்கியல் துறை ஒன்றின் துணை வேண்டும். தமிழ்நாட்டு வயல்வெளிகளில் கூகையின் இரையை இப்படிப் பிரித்து ஆய்ந்தவர்கள் இருக்கிறார்கள், எனவே துணை தேடுவது அவ்வளவு கடினமல்ல. குஞ்சு இருக்கும் காலத்தில் கூட்டுப்பக்கம் போகக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

பழந்தின்னி வௌவாலுக்கு எலும்பும் வேண்டாம், ஒரு மரம் போதும். ஊருக்குப் பக்கத்து ஆலமரத்தில் தொங்கும் கூட்டத்தைப் பகலில் தூரத்தில் நின்று கிளை கிளையாக எண்ணலாம், அல்லது பொழுது சாயும்போது கிளம்பிப் போவதை எண்ணலாம். வருடத்துக்கு நான்கு குறிப்பிட்ட நாள் வைத்துக்கொண்டால் போதும். இந்த வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அங்கெல்லாம் மரத்தைக் காட்டிக் கொடுக்க ஊரே முன்வரும். மரத்தடியில் நிற்பதும், விழுந்த வௌவாலைத் தொடுவதும், கடித்துப் போட்ட பழத்தை எடுப்பதும் கூடாது. நிபா வைரஸ் இந்த இனத்தோடு தொடர்புடையது.

சாலையில் அடிபட்டவை இன்னொரு பதிவு. வாரம் ஒருமுறை, காக்கையும் நாயும் வருமுன் அதிகாலையில், ஒரே கிராமச் சாலையில் இருசக்கர வண்டியில் மெதுவாகப் போய் வருவது. திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் இதைச் செய்ய நினைக்காதீர்கள், பதிவு செய்பவரே பதிவாகிவிடுவார். முள்ளம்பன்றி முள், அழுங்கின் செதில் எது கிடைத்தாலும் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட வேண்டும். அழுங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு. அதன் செதிலைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

கேட்டு எழுதுவது

ஆடு கிடை போட்டு இரவெல்லாம் வயலில் காவலிருப்பவரைவிட நரியைப் பற்றித் தெரிந்தவர் யார்? இந்த வழியின் சிறப்பு, மற்ற நான்கும் எட்டாத கடந்த காலத்தை எட்டுவது. "முன்னாடி நிறைய இருந்துச்சு" என்ற பேச்சைக் கணக்காக்க வேண்டுமென்றால் கேள்வியைக் காலத்தோடு கட்ட வேண்டும். "கடைசியா நரி ஊளை எப்பக் கேட்டீங்க ஐயா? எம்.ஜி.ஆர். இறந்த வருசத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? கஜா புயலுக்கு அப்புறம் கேட்டீங்களா?" என்று கேட்டால் 1987, 2018 என்று இரண்டு முளைக்குச்சி கிடைத்துவிடும். படங்களைக் காட்டிக் கேட்கும்போது நடுவே நம் நாட்டிலேயே இல்லாத விலங்கின் படம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். அதையும் பார்த்திருக்கிறேன் என்பவர் நம்மை மகிழ்விக்கப் பேசுகிறார் என்று தெரியும். கேட்பவர் உள்ளூர்க்காரராக இருப்பது நல்லது. வேட்டையைப் பற்றித் துருவிக் கேட்டால் அன்றோடு எல்லார் வாயும் அடைத்துவிடும்.

எண்ணிக்கையை இதிலிருந்து எடுக்க முடியாது. எங்கே நடக்கலாம், எந்த மரம், எந்த ஓடை என்பதை எடுக்கலாம். அதனால் இதை முதல் மாதத்து வேலையாக வைப்பேன்.

என் தேர்வு

இருபதாவது மாதத்திலும் இந்த வேலையை யார் செய்துகொண்டிருப்பார்கள் என்று பார்த்துத்தான் வழியைத் தேர வேண்டும். ஒரு ஆசிரியர், நாலைந்து இளைஞர்கள், நிலம் வைத்திருக்கும் ஒருவர், இவ்வளவுதான் பெரும்பாலான குழு. வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் போவார்கள், கல்யாணமாகும், அறுவடை வரும். இவர்களால் மாதம் ஒரு இரவை ஒதுக்க முடியும். மூவாயிரம் ஆட்டுப் படங்களைப் பார்ப்பதை மூன்றாவது மாதத்திலேயே ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

எனவே அச்சாணியாக இராநடை. முதல் வருடம் இரண்டே பாதை, முடிந்தால் மூன்று. கூடவே பள்ளியில் கூகை உருண்டையும் வௌவால் மரமும். தற்செயலாகப் பார்ப்பவை செயலிக்குப் போகட்டும், அவற்றை நடைக் கணக்கோடு கலக்கக் கூடாது. ஒரு தாளில் தேதி, பாதை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்தவர் பெயர்கள், நிலா, மழை, கண்டவை என்று எட்டுக் கட்டம் போதும். கண்டவை என்ற கட்டத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதக் கைகூசக் கூடாது, வெற்றாக விட்டால் எழுத மறந்ததா, காணவில்லையா என்று பிறகு தெரியாது. போனில் வேண்டுமென்றால் கோபோ டூல்பாக்ஸ், எபிகலெக்ட்5 என்ற செயலிகள் இரண்டிலும் தமிழிலேயே படிவம் அமைத்து, சிக்னல் இல்லாத இடத்தில் நிரப்பி, வீட்டுக்கு வந்து அனுப்பலாம். நான் தாளையும் விட மாட்டேன்.

இடத்தை மறைப்பதில் மட்டும் சமரசம் வேண்டாம். தேவாங்கை மாந்திரீகத்துக்கும் அழுங்கைச் செதிலுக்கும் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் அழிவின் விளிம்பில் உள்ளவை என்று குறிக்கப்பட்ட இனங்களின் இடத்தைத் தானாகவே இருபது கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் மங்கலாக்கிவிடும். அதை நம்பி இருக்காமல் தேவாங்கு, அழுங்கு, நீர்நாய் பதிவுகளுக்கு இடத்தை மறைக்கும் வசதியை நீங்களே ஒவ்வொரு முறையும் போடுங்கள். படத்துக்குப் பின்னால் தெரியும் கோயில், செல்போன் கோபுரம், ஊர்ப் பெயர்ப் பலகை இவையும் இடத்தைச் சொல்லிவிடும். உள்ளூர் வாட்ஸ்அப் குழுவில் "இப்ப இங்க தேவாங்கு" என்று நேரலையாகப் போடுவதை முதல் கூட்டத்திலேயே தடை செய்யுங்கள்.

தரவு ஒருவர் மடிக்கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். ஒருமுறை நிரப்பி அலமாரிக்குள் வைத்த பதிவேடாகவே உங்கள் ஊரிலும் இருக்கலாம். ஆண்டு முடிவில் இடம் மறைத்த சுருக்கம் ஒன்றை அதில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முழு இடவிவரத்தோடு ஒரு நகல் மாவட்ட வன அலுவலருக்கு. மதுரை அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது அங்கே தேவாங்கும் அழுங்கும் இருப்பது எடுத்துச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எழுத்தில் இருக்கும் பதிவுக்கு அந்த மாதிரி நேரத்தில் வேலை வரும்.

கேமரா வாங்கும் பேச்சை இரண்டாம் வருடம் எடுக்கலாம். பத்து வேண்டாம், நான்கு போதும். எந்த ஓடைக்கரையில் கண்ணொளி "இனம் தெரியவில்லை" என்று அதிகம் எழுதப்பட்டிருக்கிறதோ, அங்கே தரையில் ஓடும் விலங்குக்காகக் கட்டுங்கள். ஒரு வருடத் தாள்களைப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போதும் அந்தத் தாள்களையே இணைக்கலாம்.